ஐபீரிய இசை வழியே ஒரு பியானோ கச்சேரி: இளம் கலைஞருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பெயின் மக்களின் வாத்தியம் பியானோ அல்ல, கிதார். தெருவில் கேட்டது அடித்தொண்டையிலிருந்து எழும் பாட்டு. பலகைத் தரையில் கேட்டது ஆடுபவரின் குதிகால். ஸ்பானிய இசையமைப்பாளர்களான அல்பேனித், கிரனாடோஸ், ஃபாயா ஆகியோரின் பியானோ உருப்படிகள் அனேகமாக எல்லாமே இந்த மூன்றையும் 88 கட்டைகளுக்குள் கொண்டுவரச் செய்த முயற்சிகள்தான். அதனால் இந்த இசையை எடுக்கும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: இந்த இடத்தில் பியானோ யாராக இருக்கிறது? கிதாரா, குரலா, காலா? ஒவ்வொரு வரிக்கும் பதில் தெரிந்த பிறகுதான் விரல்களைப் பற்றிப் பேச வேண்டும்.

கீழே உள்ளது சுமார் ஒரு மணி நேரக் கச்சேரிக்கான திட்டம். பியானோவில் எட்டுப் பத்து ஆண்டுப் பயிற்சி உள்ள ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். தயாரிப்புக்கு ஆறு மாதமாவது ஒதுக்குங்கள்.

முதல் படி: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

"ஸ்பானிய இசை" என்று மட்டும் வைத்துக்கொண்டால் உருப்படிகள் கண்டபடி சேர்ந்துவிடும். இந்த இசையில் மூன்று வகையான ஆட்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்து அங்கேயே தங்கியவர் டொமெனிகோ ஸ்கார்லாட்டி. அங்கே பிறந்து பாரிசுக்குப் போய் வந்தவர்கள் அல்பேனித், கிரனாடோஸ், ஃபாயா, மொம்போ. தூரத்திலிருந்து பார்த்து எழுதியவர்கள் பிரெஞ்சுக்காரர்களான தெபுசி, ராவேல். இந்த மூன்று தரப்பையும் ஒரே மேடையில் பேசவைப்பதுதான் நல்ல கச்சேரி என்பது என் கருத்து. ஸ்பானியர்களை மட்டும் வாசித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அல்பேனித்தின் "ஐபீரியா" தொகுப்பை முழுதாக வாசிக்கும் ஆசை வேண்டாம். 1905-க்கும் 1908-க்கும் இடையில் எழுதிய 12 உருப்படிகள், நான்கு புத்தகங்கள். முழுவதும் வாசிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். கைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரே கட்டைக்குப் போட்டி போடும் எழுத்து அது. அதிலிருந்து இரண்டு எடுத்தாலே ஓர் இளம் கலைஞருக்குப் பெரிய காரியம்.

இரண்டாம் படி: பியானோவை மூடிவிட்டுக் கேளுங்கள்

இரண்டு வாரம் நோட்டேஷனைத் திறக்காமல் இருங்கள். ஃபிளமெங்கோ கிதார் கேளுங்கள். ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாவின் "கான்தே ஹோந்தோ" என்னும் ஆழ்ந்த பாட்டைக் கேளுங்கள். அந்தப் பாட்டு மறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஃபாயாவும் கவிஞர் லோர்காவும் சேர்ந்து 1922-இல் கிரனாடாவில் ஒரு போட்டியே நடத்தினார்கள். பாடுபவர் ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வருவதையும், அதை விட்டு இறங்கும் முன் எவ்வளவு தயங்குகிறார் என்பதையும் கவனியுங்கள். அந்தத் தயக்கம் நோட்டேஷனில் எழுதப்பட்டிருக்காது.

நம் காதுக்கு இங்கே ஓர் அனுகூலம் இருக்கிறது. ஆண்டலூசிய இசையின் கையெழுத்து என்று சொல்லத்தக்க ஓர் இறக்கம் உண்டு: ஏ, ஜி, எஃப், ஈ என்று நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டுகள்) படிப்படியாக இறங்கும். ஈ-யை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள். ம, க, ரி, ச. அப்படியே தோடியின் சுரங்கள். கடைசி ஈ கார்ட் மேஜராக இருப்பதால் அங்கே மட்டும் அந்தர காந்தாரம் எட்டிப் பார்க்கும். உடனே வகுளாபரணத்தின் நிறம் வந்துவிடும். இரண்டு காந்தாரங்களும் மாறி மாறி வருவதுதான் இந்த இசையின் பாதி வசீகரம். சுரங்கள் பொருந்துகின்றனவே தவிர கமகம் வேறு, நடை வேறு. தோடி இங்கிருந்து ஸ்பெயினுக்குப் போனது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஆனாலும் தோடி கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்த ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கும்போது இருக்கும் கனம் சொல்லித் தராமலே புரியும்.

தாளத்துக்கும் நம் சொற்கட்டு உதவும். ஆறு, ஆறாகப் பன்னிரண்டு எண்ணிக்கை. முதல் ஆறைத் "தகிட தகிட" என்றும் அடுத்த ஆறைத் "தக தக தக" என்றும் சொல்லுங்கள். ஸ்பானிய நடனங்களில் அடிக்கடி வரும் நடை இது. "ஐபீரியா"வில் உள்ள "ரோந்தேன்யா" முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. அப்புறம் ஹபநேரா. எட்டு எண்ணி 1, 4, 5, 7-இல் தட்டுங்கள். இதன் பெயர் கியூபாவின் ஹவானாவிலிருந்து வந்தது. கடல் தாண்டிப் போன நடனம், ஆப்பிரிக்கத் தாளத்தோடு கலந்து, ஸ்பெயினுக்கே திரும்பி வந்து, பிறகு பாரிஸ்காரர்களுக்கு ஸ்பெயினின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

மூன்றாம் படி: உருப்படிகளைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்கார்லாட்டியிலிருந்து தொடங்குங்கள். 1685-இல் நேப்பிள்ஸில் பிறந்தவர். லிஸ்பனில் போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு ஆசிரியரானார். 1729-இல் இளவரசி ஸ்பெயின் அரச குடும்பத்தில் திருமணமாகிப் போனபோது இவரும் கூடவே செவீயாவுக்கும் பிறகு மாட்ரிடுக்கும் போய், 1757-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். 555 சொனாட்டாக்கள் எழுதியிருக்கிறார். வண்டிக்காரர்களும் கழுதை ஓட்டுபவர்களும் பாடிய மெட்டுகளை அவர் தன் இசையில் எடுத்தாண்டார் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி பதிவு செய்திருக்கிறார்.

மூன்று சொனாட்டா போதும் ("கே." என்பது அவருடைய சொனாட்டாக்களின் பட்டியல் எண்). கே. 208 மெதுவானது, பாட்டாக ஒழுகுவது. கே. 119-இல் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் சேர்ந்து மோதும் கார்டுகள் வரும். கிதாரின் எல்லாத் தந்திகளையும் ஒரே வீச்சில் அடித்தது போல இருக்கும். அந்த மோதலை அழகுபடுத்த வேண்டாம், கரடுமுரடாகவே விடுங்கள். கே. 141-இல் ஒரே சுரம் ஆறாறாகத் திரும்பத் திரும்ப வரும். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 12 நிமிடம்.

போர்ச்சுகலை விட்டுவிடாதீர்கள். கார்லோஸ் செய்ஷாஸ் கோயிம்ப்ராவில் 1704-இல் பிறந்தவர். லிஸ்பன் அரசவையில் ஸ்கார்லாட்டியோடு ஒரே காலத்தில் இருந்தவர். 1755-இல் லிஸ்பனைச் சிதைத்த பூகம்பத்தில் அந்த நகரின் இசைச் சுவடிகள் ஏராளமாக அழிந்தன. மிஞ்சியதில் சுமார் நூறு சொனாட்டாக்கள் செய்ஷாஸுடையவை. மூன்று நிமிடத்தில் முடிகிற ஒன்றை ஸ்கார்லாட்டிக்குப் பின் வையுங்கள்.

கிரனாடோஸில் இரண்டு. "ஸ்பானிய நடனங்கள்" தொகுப்பில் ஐந்தாவதான "ஆண்டலூசா" எல்லோருக்கும் பிடிக்கும், கையிலும் அடங்கும். அடுத்து "கோயெஸ்காஸ்" தொகுப்பிலிருந்து "மாஹாவும் நைட்டிங்கேல் பறவையும்". மாஹா என்றால் அக்கால மாட்ரிடின் சாதாரணக் குடிப் பெண். ஓவியர் கோயாவின் உலகத்தை நினைத்து எழுதிய இந்தத் தொகுப்பை 1911-இல் பார்சலோனாவில் அவரே வாசித்தார். பறவை உருப்படியை மனைவி அம்பாரோவுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். அதே "கோயெஸ்காஸ்" ஓப்பராவாகி 1916 ஜனவரியில் நியூயார்க்கில் அரங்கேறியது. அதற்காகப் போய்த் திரும்பும் வழியில், மார்ச் 24 அன்று, இங்கிலீஷ் கால்வாயில் "சசெக்ஸ்" கப்பல் ஜெர்மன் டார்பிடோவால் தாக்கப்பட்டது. கணவன், மனைவி இருவரும் இறந்துபோனார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த உருப்படியின் கடைசிப் பக்கத்தை முன்பு போல என்னால் வாசிக்க முடிந்ததில்லை.

தெபுசியில் "கிரனாடாவில் மாலைப்பொழுது" (1903), "திராட்சை மதுவின் வாசல்" (1913). இரண்டும் ஹபநேரா. ஸ்பெயினுக்குள் ஒரு நாள் எட்டிப் பார்த்ததைத் தவிர அவருக்கு அந்த நாட்டோடு நேர்ப் பழக்கம் இல்லை. இரண்டாவது உருப்படி, ஃபாயா அனுப்பிய ஓர் அஞ்சலட்டைப் படத்தைப் பார்த்து எழுந்தது. ஆனாலும் அசல் ஆண்டலூசியரான ஃபாயா, தெபுசி இறந்த பின் 1920-இல் எழுதிய கிதார் அஞ்சலியில் "கிரனாடாவில் மாலைப்பொழுது" உருப்படியையே மேற்கோளாக வைத்தார். மண்ணின் மைந்தர் கொடுத்த மதிப்பு அது.

மொம்போவின் "பாட்டும் நடனமும்" வரிசையில் ஆறாவது. பார்சலோனாக்காரர், அவர் குடும்பம் தேவாலய மணிகள் வார்த்த குடும்பம். ஆண்டலூசியாவின் சூடு இல்லாத வேறொரு ஸ்பெயின் இங்கே கேட்கும். அவர் 1987-இல் இறந்தவர் என்பதால் காப்புரிமை இன்னும் நடப்பில் இருக்கிறது, நோட்டேஷனைக் காசு கொடுத்தே வாங்குங்கள்.

அல்பேனித்தின் "ஐபீரியா"விலிருந்து முதல் இரண்டு: "எவொகாசியோன்", "எல் புவெர்தோ". முடிவில் ராவேலின் விடியல் பாட்டான "அல்போராதா". பாஸ்க் பகுதியில் 1875-இல் பிறந்தவர் ராவேல். பாஸ்க் இனத்தவரான அவருடைய தாய் மாட்ரிடில் வளர்ந்தவர். ஸ்பானியப் பாட்டுகள் மகனுக்குத் தாய் வழியில் வந்தன.

அல்பேனித்தின் "அஸ்தூரியாஸ்" எங்கே என்று கேட்பீர்கள். அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் கேட்பவர்கள் கச்சேரி முழுவதும் அதற்காகவே காத்திருப்பார்கள். அந்தப் பெயரும் அல்பேனித் வைத்ததல்ல, அவர் இறந்த பின் பதிப்பாளர் வைத்தது. வடக்கே இருக்கும் அஸ்தூரியாஸ் வட்டாரத்துக்கும் அந்த ஆண்டலூசிய இசைக்கும் சம்பந்தமே இல்லை.

நான்காம் படி: வரிசை

என் வரிசை இது: ஸ்கார்லாட்டி கே. 208, 119, 141, செய்ஷாஸ், "ஆண்டலூசா", "மாஹாவும் நைட்டிங்கேல் பறவையும்", தெபுசி இரண்டு, மொம்போ, அல்பேனித் இரண்டு, "அல்போராதா". வாசிப்பு மட்டும் 57 நிமிடம் அளவில் வரும். இடைவேளை வேண்டாம், அதற்குக் காரணம் இருக்கிறது.

கிரனாடோஸின் பறவை உருப்படி தன் சொந்தச் சுருதியான எஃப் ஷார்ப்புக்குத் திரும்பாமல், கேள்வி போல, சி ஷார்ப்பில் நின்றுவிடும். தெபுசியின் "மாலைப்பொழுது" அதே சி ஷார்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறது. நடுவில் கைதட்டலுக்கு இடம் கொடுக்காமல் கையைக் கட்டையின் மேலேயே வைத்திருங்கள். பறவை பாடி ஓய்ந்த இடத்தில் இருட்டு விழும். அடுத்த "மதுவின் வாசல்" டி ஃபிளாட்டில் ஊன்றி நிற்பது. எழுத்துத்தான் வேறு, கட்டை அதே கறுப்புக் கட்டை. மொம்போவில் சற்று ஒதுங்கிவிட்டு, "எவொகாசியோன்" ஏ ஃபிளாட்டில் அடங்கியதும், "எல் புவெர்தோ" மறுபடி டி ஃபிளாட்டில் வந்து இறங்கும். அங்கிருந்து ஒரே ஓர் அரைச்சுரம் மேலே ஏறினால் டி. அதுதான் "அல்போராதா"வின் இடம், தொடக்கத்தில் வந்த கே. 119, கே. 141 இரண்டுக்கும் உரிய இடமும் அதுவே. இதையெல்லாம் கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒரு மணி நேரம் ஒரே வீட்டின் அறைகளுக்குள் நடந்தது போன்ற உணர்வு காதுக்கு வந்துவிடும்.

பதினெட்டு வயதில் முதல் தடவை இந்த வகைக் கச்சேரி செய்தபோது நான் வேகமான உருப்படிகளையே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். அரை மணி நேரத்தில் எல்லாம் ஒரே சத்தமாகி, கடைசி உருப்படிக்கு யாரிடமும் காது மிச்சமில்லை. அன்றிலிருந்து மெதுவான உருப்படிகளை முதலில் இடத்தில் பொருத்திவிட்டு, மற்றவற்றை அவற்றைச் சுற்றி வைக்கிறேன்.

ஐந்தாம் படி: கிதார், குரல், கால்

முதலில் பென்சிலை எடுத்து, நோட்டேஷன் முழுவதிலும் மூன்று நிறத்தில் குறியுங்கள்: கிதார், குரல், கால். சில இடங்களில் இரண்டு நிறம் விழும், பரவாயில்லை.

கிதார் என்று குறித்த இடத்தில் பெடலிலிருந்து காலை எடுங்கள். கிதாரின் ஒலி பிறந்த உடனே தேயத் தொடங்கும். "ஆண்டலூசா"வின் இடது கையை ஒரு வாரம் பெடல் இல்லாமலே வாசியுங்கள், விரல் கட்டையை அழுத்தாமல் சுண்டிவிட்டு வருவது போல. "அல்போராதா"வின் தொடக்கமும் அப்படியே: கார்டுகள் கீழிருந்து மேலாக விரிய வேண்டும், ஆனால் கண் இமைக்கும் நேரத்துக்குள். மணிக்கட்டு தளர்ந்திருந்தால்தான் இது வரும்.

திரும்பத் திரும்ப வரும் ஒரே சுரம் இந்தக் கச்சேரியின் மிகப் பெரிய தடை. கே. 141-இலும் "அல்போராதா"விலும் 3-2-1 (நடுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல்) என்று விரல் மாற்றி, விரல்நுனியை உள்நோக்கி இழுங்கள். முதல் மாதம் பாதி வேகம்தான். ஒவ்வொரு மூன்றிலும் முதல் அடியை மட்டும் வலுப்படுத்தி வாசியுங்கள், பிறகு இரண்டாவதை, பிறகு மூன்றாவதை. முன்கை இறுகினால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். இறுகிய கையோடு ஓட்டிய பயிற்சி வலியில்தான் முடியும். "அல்போராதா"வில் இரண்டு சுரங்களைச் சேர்த்துக் கட்டைகளின் மேல் விரலை இழுத்துக்கொண்டு போகும் இரட்டைச் சறுக்கல்களையும் தினம் இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்யாதீர்கள், விரல் தோல் கிழிந்துவிடும்.

குரல் என்று குறித்த இடங்களைப் பாடுங்கள். வாய் திறந்து, வெட்கப்படாமல். "அல்போராதா"வின் நடுவில் துணையே இல்லாமல் ஒற்றைக் குரல் எழும் இடம் இருக்கிறது. கிதார்கள் நிறுத்திவிட்டன, ஒருவர் எழுந்து பாடத் தொடங்குகிறார். மூச்சு எங்கே எடுக்கிறீர்கள் என்று நோட்டேஷனில் குறித்துக்கொண்டு, பியானோவிலும் அதே இடத்தில் மூச்சு விடுங்கள். சீராகத் தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோமுக்கு இங்கே வேலை இல்லை.

கால் என்று குறித்த இடங்களில் அதற்கு நேர்மாறு. "எல் புவெர்தோ" காடிஸ் கரையில் உள்ள ஒரு துறைமுக ஊரின் பெயர். அதன் நடை குதிகால் தட்டும் சபதேயாதோ நடனம். கட்டையில் கை வைக்கும் முன் எழுந்து நின்று காலால் தட்டிப் பாருங்கள். நடை தளர்ந்தால் ஆடுபவர் விழுந்துவிடுவார். ஹபநேராவும் அப்படித்தான்: இடது கை ஒரு நூல்கூட அசையக் கூடாது, அதன் மேலே வலது கை எவ்வளவு வேண்டுமானாலும் சோம்பலாக வரலாம். "மதுவின் வாசல்" தொடக்கத்தில் தெபுசி கேட்பது திடீர் வன்மையும் உருகும் மென்மையும் எதிரெதிரே நிற்பதை. நடுவில் படிப்படியாகக் கொண்டுபோய் அதை மழுக்கிவிடாதீர்கள்.

அல்பேனித் ஒலியளவை ஐந்து பி (மிக மிக மென்மை), ஐந்து எஃப் (மிக மிக வன்மை) என்றெல்லாம் எழுதியிருப்பார். பயந்து எல்லாவற்றையும் நடுவாந்தரமாக வாசிப்பவர்கள்தான் அதிகம். கை சிறியதாக இருக்கிறதே என்ற கவலையும் வேண்டாம். இந்த இசையை உலகுக்கே எடுத்துச் சென்ற அலிசியா தெ லாரோச்சா சின்னஞ்சிறு உருவம், கைகளும் சிறியவை. கிரனாடோஸின் மாணவர் ஃபிராங்க் மார்ஷலிடம் படித்தவர். எட்டாத கார்டுகளை இரு கைகளுக்கும் பிரித்துக்கொள்வது இந்த மரபில் குற்றமே இல்லை. "எவொகாசியோன்" ஏழு ஃபிளாட்டுகளில் எழுதப்பட்டது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். படிப்பதற்கே ஒரு மாதம் கூடுதலாக வேண்டும்.

ஆறாம் படி: மேடைப் பேச்சு

நீங்கள் பேசுவது மொத்தம் ஐந்து நிமிடம் தாண்டக் கூடாது. ஸ்கார்லாட்டிக்கு முன் ஒரு முறை, மொம்போவுக்கு முன் ஒரு முறை, அவ்வளவுதான். வாழ்க்கை வரலாறு ஒப்பிக்க வேண்டாம். ஹபநேராவைத் தட்டிக் காட்டுங்கள், சபையையும் தட்டச் சொல்லுங்கள். பிறகு தெபுசி வரும்போது அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சொல்ல வேண்டிய ஒருவர் இருக்கிறார்: ரிக்கார்தோ வின்யேஸ். கிரனாடோஸ் பிறந்த அதே லேய்தா நகரில் 1875-இல் பிறந்து பாரிசுக்குப் போன பியானோ கலைஞர். "கிரனாடாவில் மாலைப்பொழுது", "அல்போராதா", ஃபாயாவின் நான்கு ஸ்பானிய உருப்படிகள் எல்லாவற்றையும் முதன்முதலில் மேடையேற்றியவர் அவர்தான். இந்தப் பாரிஸ், ஸ்பெயின் போக்குவரத்து முழுவதும் ஒரே மனிதரின் பத்து விரல்கள் வழியே நடந்திருக்கிறது.

பெயர்களை ஒழுங்காகச் சொல்லப் பழகுங்கள். ஃபல்லா அல்ல, ஃபாயா. ஸ்பானிய நடனத்தின் பெயர் ஜோட்டா அல்ல, ஹோத்தா. செவில்லா அல்ல, செவீயா.

ஏழாம் படி: அரங்கமும் வாத்தியமும்

ஒரு முறை என் மாணவி ஒருத்தி வாசிக்கப் போன அரங்கில் இருந்தது பழைய நிமிர்ந்த பியானோ. கட்டை முழுதாக மேலே எழும் வரை மறுபடி ஒலிக்காது. கே. 141-இல் மூன்று சுரத்துக்கு ஒன்று காணாமல் போனது. பிழை அவள் விரலில் இல்லை. கிராண்ட் பியானோவில் கட்டை பாதி எழுந்தாலே மறுபடி அடிக்கும் அமைப்பு உண்டு. 1821-இல் பியானோ தயாரிப்பாளர் எரார் கொண்டுவந்தது அது. நிமிர்ந்த பியானோவில் பொதுவாக அது இல்லை. எனவே அரங்கை முடிவு செய்யும் முன்பே போய், ஒரே கட்டையை 3-2-1 என்று வேகமாக அடித்துப் பாருங்கள். தடுமாறினால் டியூனரிடம் சொல்லிச் சரிசெய்யப் பாருங்கள். முடியாவிட்டால் கே. 141-க்குப் பதில் கே. 380, "அல்போராதா"வுக்குப் பதில் ஃபாயாவின் நான்கு உருப்படிகளில் கடைசியான "ஆண்டலூசா" என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்த மாற்று உருப்படிகளையும் ஆறு மாதத்துக்குள்ளேயே தயார் செய்து வையுங்கள், கடைசி வாரத்தில் முடியாது.

கச்சேரிக்கு முன் மூன்று தடவையாவது முழுவதையும் நிறுத்தாமல், இரண்டு மூன்று பேர் முன்னால் வாசியுங்கள். குறிப்பாகப் பறவையிலிருந்து தெபுசிக்குப் போகும் அந்த மௌனத்தை ஆள் இருக்கும்போது பழகுங்கள். தனியாக இருக்கையில் அது எளிது, யாராவது இருமினால் கை தானாக நகர்ந்துவிடும்.

சபை இன்னொன்று கேட்டால், அல்பேனித்தின் டி மேஜர் தாங்கோ, மூன்று நிமிடம்கூட ஆகாது. "அல்போராதா"வின் சத்தத்துக்குப் பின் மேலும் ஒரு சத்தம் வேண்டாம். அதே டி, ஹபநேராவுக்கு நெருங்கிய அதே நடை, மெல்லிய குரலில். பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கடைசிக் கார்ட் முழுதாகத் தேயும் வரை கையை எடுக்காமல் இருங்கள்.